ஈறுக்குள் உறைந்து, வேலை முடிந்ததும் கரையும் ஜெல்

சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டவர்களுக்கு அந்த நீல விளக்கு நினைவிருக்கும். பிசைந்த மாவு போன்ற வெள்ளைப் பொருளை மருத்துவர் பல்லின் குழிக்குள் வைத்து அழுத்துவார். தடித்த பேனா போன்ற ஒரு கருவியை வாய்க்குள் நீட்டி, ஆரஞ்சு நிறத் தடுப்பு வழியே பார்த்தபடி, சுமார் 20 விநாடிகள் நீல ஒளியைப் பாய்ச்சுவார். விளக்கை எடுக்கும்போது அந்த மாவு கல்லாகியிருக்கும்.

இதே ஒளியை வைத்துக் கல்லுக்குப் பதிலாக மெத்தென்ற, ஈரமான ஒரு ஜெல்லை உருவாக்க முடியும். அந்த ஜெல்லுக்குள் மருந்தைப் பொதிந்து வைக்கலாம். சில நாட்களோ சில வாரங்களோ மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுவிட்டு, யாரும் போய் எடுக்காமலேயே ஜெல் தானாகக் கரைந்துபோகும்படியும் செய்யலாம். ஒளியால் உறையும், உடலில் சிதையும் ஹைட்ரோஜெல் என்பது இதுதான். பெயர் நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால், இப்படி ஒன்று எதற்குத் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வாயில் மருந்து தங்காது

ஈறு பல்லோடு ஒட்டும் இடத்தில், பல்லைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் உண்டு. ஆரோக்கியமான ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஈறு நோய் முற்றும்போது ஈறு பல்லை விட்டுப் பிரிந்து, பள்ளம் ஆழமாகி ஒரு பை போல ஆகிவிடும். பல் மருத்துவர்கள் இதை ‘பாக்கெட்’ என்பார்கள், நாம் ஈறுப்பை என்று வைத்துக்கொள்வோம். பல் துலக்கும் பிரஷ் அதன் அடிவரை போகாது, வாய் கொப்பளிக்கும் மருந்தும் போகாது. காற்று அதிகம் புகாத அந்த இருட்டில், வேரின்மேல் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகப் படிந்து வாழ்கின்றன.

சரி, ஊசிக்குழாயில் மருந்தை எடுத்து நேராகப் பைக்குள்ளேயே விட்டுவிட்டால் என்ன? விடலாம், ஆனால் அங்கே நிற்காது. ஈறுப்பையின் சுவரிலிருந்து ஒரு திரவம் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கிறது. 5 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பையில் இந்தத் திரவம் மணிக்குச் சுமார் 40 முறை முழுவதுமாக மாறிவிடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை பை காலியாகி நிறைகிறது. அதில் விட்ட மருந்து ஆற்றில் கரைத்த புளிதான். இது போதாதென்று பையின் வாயிலில் எச்சில் வேறு ஓடுகிறது. அது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் சுரக்கும்.

மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தின் வழியே ஈறுக்குப் போய்ச் சேரும், உண்மைதான். ஆனால் ஒரு சில மில்லிமீட்டர் இடத்துக்காக உடல் முழுவதும் ஆன்டிபயாடிக்கைச் சுமக்கிறது. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து அடிபடுகின்றன. படலமாக வாழும் பாக்டீரியாக்களை ஒடுக்க அதிக அளவு மருந்து வேண்டும். அந்த அளவை விழுங்கிப் பெறுவது கடினம், நோயுள்ள இடத்திலேயே வைத்தால் எளிதில் கிடைக்கும்.

எனவே சிக்கல் எந்த மருந்து என்பதில் இல்லை. நல்ல மருந்துகள் ஏற்கனவே கையில் இருக்கின்றன. அவற்றை இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நாள்வரை இருக்க வைப்பதுதான் பாடாக இருக்கிறது.

இதற்கு முன்பே சில வழிகளைக் கண்டுபிடித்து விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்டிசைட் என்பது டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊறிய ஒரு நூல். பல்லைச் சுற்றி ஈறுப்பைக்குள் அதைத் திணித்து வைத்தார்கள். அந்த நூல் உடலில் கரையாது. பத்து நாள் கழித்து நோயாளி திரும்ப வர வேண்டியிருந்தது, மருத்துவர் அதை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அடுத்து 1998இல் பெரியோசிப் வந்தது. நீளம் 5, அகலம் 4 மில்லிமீட்டர் உள்ள ஒரு மெல்லிய ஜெலாட்டின் சில்லு. அதற்குள் 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி. இது ஒரு வாரம் பத்து நாளில் தானாகக் கரைந்துவிடும், எடுக்க வேண்டிய வேலை இல்லை. அதே ஆண்டில் வந்த ஏட்ரிடாக்ஸ், திரவமாக உள்ளே போய், ஈறுப்பையின் ஈரம் பட்டதும் இறுகும். இதில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. 2001இல் வந்த ஆரெஸ்டின், மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அடங்கிய நுண்ணிய உருண்டைகளாலான தூள்.

இவை எல்லாமே பயன்பட்டவை. ஒரு குறையையும் கவனிக்க வேண்டும். நூலுக்கும் சில்லுக்கும் ஒரு வடிவம் உண்டு, ஆனால் ஈறுப்பைகள் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை. திரவம் எந்த வடிவத்துக்கும் வளைந்துகொடுக்கும், ஆனால் அது எப்போது இறுகும், எவ்வளவு இறுகும் என்பது மருத்துவர் கையில் இல்லை. திரவமாகப் போக வேண்டும், நான் சொல்லும்போது இறுக வேண்டும் என்றால் அதற்கு ஒரு விசை வேண்டும். ஒளிதான் அந்த விசை.

தண்ணீரைப் பிடித்து வைக்கும் வலை

இப்போது பெயருக்கு வருவோம். ஹைட்ரோஜெல் என்றால் தண்ணீரைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் ஒரு பாலிமர் வலை. நீளமான மூலக்கூறு இழைகள், தண்ணீரை விரும்புபவை, அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டிருக்கும். முடிச்சுகள் இல்லையென்றால் இழைகள் தண்ணீரில் கரைந்து ஒரு கொழகொழப்பான கரைசலாகிவிடும். முடிச்சு இருப்பதால் கரைய முடியாமல் உப்பி நிற்கும். குழந்தைகளின் டயப்பருக்குள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் துகள்கள் ஹைட்ரோஜெல்தான். மென்மையான கான்டாக்ட் லென்ஸும் அதுதான். செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம் என்பவரும் 1960இல், இத்தகைய ஜெல்கள் உடலுக்குள் பயன்பட ஏற்றவை என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டெர்லே வீட்டிலேயே, சிறுவர்களின் மெர்க்குர் கட்டுமான விளையாட்டுப் பெட்டியின் பாகங்களைக் கொண்டு ஒரு சுழல் கருவி செய்து, கான்டாக்ட் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். மருத்துவத்தில் ஹைட்ரோஜெல்லின் கதை அந்த மேசையிலிருந்துதான் வளர்ந்தது என்றால் மிகையில்லை.

பல் மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் ஜெல்மா. ஜெலாட்டினில் மெதாக்ரிலாயில் என்ற சிறு கைகளை ஒட்டவைத்தால் கிடைப்பது இது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2000இல் இதை விவரித்தார்கள். ஜெலாட்டின் என்பது கொலாஜன் புரதத்தின் உடைந்த வடிவம். ஈறிலும் எலும்பிலும் உள்ள புரதத்தில் பெரும்பகுதி கொலாஜன்தான் என்பதால் செல்களுக்கு அது அந்நியப் பொருளாகத் தெரிவதில்லை. மெதாக்ரிலாயில் கைகளுக்கோ ஒளி வந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. பல் அடைக்கும் பொருளிலும் இதே வகைக் கைகள்தான் இருக்கின்றன.

அந்த 20 விநாடியில் நடப்பது

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது எளிது. விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றில், 37 டிகிரியில் வெதுவெதுப்பாக வைத்த ஜெல்மா கரைசல் இருக்கிறது. நூறு பங்கில் பத்துப் பங்குதான் ஜெல்மா, மற்றதெல்லாம் தண்ணீர். குப்பியைச் சாய்த்தால் எண்ணெய் போல வழிந்து பக்கவாட்டில் ஏறும். விளக்கை அருகே கொண்டுபோய் ஒளியைப் பாய்ச்சுகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறம் மாறவில்லை, சத்தம் இல்லை, குமிழி இல்லை. விளக்கை அணைத்துவிட்டுக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. முன்பு வழிந்தோடிய அதே தண்ணீர், இப்போது கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொண்டு தலைகீழாக நிற்கும். தட்டினால் லேசாக அதிரும், அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடந்தது இது. கரைசலில் ஒளித்தூண்டி என்ற ஒரு பொருளை மிகச் சிறிதளவு கலந்திருப்பார்கள். தனக்கேற்ற அலைநீளத்தில் ஒளி பட்டதும் அது உடைந்தோ, பக்கத்து மூலக்கூறை உசுப்பியோ, நிலைகொள்ளாத துணுக்குகளை உண்டாக்கும். தனி உறுப்பு என்று வேதியியலில் சொல்லப்படுபவை இவை. இவை போய் ஒரு மெதாக்ரிலாயில் கையைத் தட்டியெழுப்பும். அது அடுத்ததைப் பிடிக்கும், அடுத்தது அதற்கடுத்ததை. சங்கிலி போல இது ஓட ஓட, தனித்தனியாக மிதந்த இழைகளுக்கிடையே முடிச்சுகள் விழுந்து வலை பின்னப்பட்டுவிடும். ஒளியை நிறுத்தினால் புதிய துணுக்குகள் உண்டாவது நின்றுவிடும். ஒளி படாத இடத்தில் வலையே கிடையாது, மிச்சக் கரைசலைக் கழுவி எடுத்துவிடலாம். எங்கே, எப்போது என்ற இரண்டையும் மருத்துவரே தீர்மானிக்க முடிவது இதனால்தான்.

ஒளித்தூண்டி என்றால் எல்லாம் ஒன்றல்ல. பல் அடைக்கும் பொருளில் பெரும்பாலும் இருப்பது கேம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் பொருள். 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை அது நன்றாக உறிஞ்சும். ஆனால் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஜெல்லோ பெரும்பகுதி தண்ணீர். அதனால் ஜெல் ஆய்வாளர்கள் தண்ணீரில் எளிதாகக் கரையும் லாப் என்ற ஒளித்தூண்டியை விரும்புகிறார்கள். அதற்குத் தேவை 365 முதல் 405 நானோமீட்டர் வரையான, ஊதாப் பக்கத்து ஒளி. பல் மருத்துவமனையில் உள்ள சில எல்இடி விளக்குகள் நீலத்தோடு 405ஐ ஒட்டிய ஊதாவையும் சேர்த்தே தரும், அவை பொருந்தும். நீலம் மட்டும் தரும் விளக்கு பொருந்தாது. விளக்கும் தூண்டியும் ஜோடி சேராவிட்டால் மணிக்கணக்கில் ஒளி பாய்ச்சினாலும் கரைசல் கரைசலாகவே இருக்கும். 1970களின் தொடக்கத்தில் பல் அடைப்பதற்கும் புற ஊதா ஒளியைத்தான் பயன்படுத்தினார்கள். திசுக்களுக்கும் கண்ணுக்கும் அது நல்லதல்ல, பொருளுக்குள் ஆழமாகவும் புகாது என்பதால் அந்தப் பத்தாண்டின் இறுதியில் நீல ஒளிக்கு மாறினார்கள். ஜெல்களும் இப்போது அதே திசையில்தான் நகர்கின்றன.

மருந்தை வலை பிடிக்குமா?

எளிய விளக்கங்கள் பல, ‘மருந்து வலைக்குள் சிறைப்படும், வலை சிதையச் சிதைய வெளியே வரும்’ என்று முடித்துவிடுகின்றன. இது பாதி உண்மை. விட்ட பாதியில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

மீன் வலையை நினைத்துப் பாருங்கள். கண் பெரிதாக உள்ள வலையில் சுறா சிக்கும், நெத்திலி சிக்காது. ஹைட்ரோஜெல் வலையின் கண், ஜெல்லின் வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 5 முதல் 100 நானோமீட்டர் வரை இருக்கும். மெட்ரோனிடஸோல், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து மூலக்கூறின் அளவோ ஒரு நானோமீட்டரை ஒட்டித்தான். நெத்திலியைவிடச் சின்னது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜெல்லில் அப்படியே கலந்துவிட்ட சிறு மருந்து, ஜெல் சிதைவதற்காகக் காத்திருக்காமல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் வெளியேறிவிடும். முதல் நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி. பெரியோசிப்பிலும்கூட, அது ஜெல் அல்ல, அடர்த்தியான சில்லு, முதல் 24 மணி நேரத்தில் சுமார் 40 சதவீத மருந்து வெளியே வந்துவிடுகிறது.

அப்படியானால் எப்படித்தான் பிடித்து வைப்பது? மருந்தை முதலில் பெரிய ஒன்றுக்குள் அடைத்து, அந்தப் பெரியதை வலையில் சிக்கவைக்கலாம். நானோ உருண்டைகள், மெல்லிய இழைத்துண்டுகள், ஹாலோசைட் என்ற களிமண்ணின் நுண்குழாய்கள் எல்லாம் இதற்குப் பயன்படுகின்றன. இந்தக் குழாய் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. இயற்கையிலேயே சுருட்டிய தாள் போல உள்ள குழல் அது, உள்ளே மருந்தை நிரப்பலாம், இருமுனை வழியாக மட்டும் அது மெதுவாகக் கசியும். இன்னொரு வழி மின்னூட்டம். குளோர்ஹெக்ஸிடின் நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள ஹையலூரோனிக் அமிலத்தாலோ (நம் உடலிலேயே உள்ள பொருள்), ஆல்ஜினேட்டாலோ (கடற்பாசியிலிருந்து எடுப்பது) வலையைப் பின்னினால் காந்தம் போல இழுத்து வைத்துக்கொள்ளும். மருந்தை வலை இழையோடு வேதிப்பிணைப்பால் கட்டிவிடுவதும் உண்டு, கட்டு அறுந்தால்தான் மருந்து விடுபடும். திசுவை வளரத் தூண்டும் புரதங்கள் உருவத்தில் பெரியவை என்பதால் அவற்றுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, வலை ஓரளவு தானே பிடித்துக்கொள்ளும்.

எப்படிக் கரைகிறது

சிதைதலுக்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று தண்ணீர். வலையின் இழைகளில் எஸ்டர் என்ற பிணைப்புகளை வைத்துவிட்டால், சுற்றியுள்ள நீர் அவற்றை மெல்ல மெல்ல அறுக்கும். ஆய்வாளர் ஜெஃப்ரி ஹப்பெலின் குழுவினர் 1993இலேயே, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, தண்ணீரில் கரையும் பாலிமர் இழையின் இருமுனையிலும் இப்படி அறுபடக்கூடிய துண்டுகளை இணைத்து, ஒளியால் உறையும் ஜெல்லைச் செய்து காட்டினார்கள். இந்த வகையைச் சேர்ந்த ஃபோகல்சீல் என்ற பசை, நுரையீரல் அறுவை சிகிச்சையில் காற்றுக் கசிவை அடைக்க 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒளியால் உறைந்து உடலுக்குள் கரையும் ஜெல் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்று நொதிகள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் ஆன ஜெல்லை எச்சிலில் உள்ள லைசோசைம் என்ற நொதி வெட்டும். ஜெலாட்டினை வெட்டுபவை நம் உடலின் கொலாஜன் வெட்டும் நொதிகள். ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும்போது இவை பெருகும், குறிப்பாக எம்எம்பி-8 என்ற நொதி. ஜெல்மா ஜெல் அழற்சி அதிகமுள்ள இடத்தில் வேகமாகவும், அழற்சி தணிந்த இடத்தில் மெதுவாகவும் கரைவது இதனால்தான். நோய் கூடும்போது மருந்தும் கூட வரும் என்பது கேட்க அழகாக இருக்கிறது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மிக மோசமான ஈறுப்பையில், மருந்து மிக நீண்ட நாள் வேண்டிய அதே இடத்தில், ஜெல் சீக்கிரமே தீர்ந்துபோகும். எத்தனை மெதாக்ரிலாயில் கைகளை ஒட்டுவது, எவ்வளவு நேரம் ஒளி காட்டுவது என்பதையெல்லாம் மாற்றி மாற்றி ஆய்வாளர்கள் பார்ப்பது இதைச் சமன்செய்யத்தான். முடிச்சு அதிகமானால் ஆயுள் கூடும். ஆனால் ஜெல் விறைத்துவிடும், செல்கள் உள்ளே நுழையத் திணறும். ஆல்ஜினேட்டை வெட்டும் நொதி நம் உடலில் இல்லவே இல்லை, அதைப் பயன்படுத்துபவர்கள் அறுபடும் இடங்களைத் தாங்களே சேர்க்க வேண்டியிருக்கிறது.

பல்லுக்குள்ளும் இதற்கு இடமுண்டு

ஈறுப்பையை மட்டும் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. சிறுவயதில் அடிபட்டு உயிரிழந்த பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேர் இன்னும் முழுதாக வளர்ந்து முடியவில்லை, நுனி திறந்தே கிடக்கிறது. வேர்க்குழாயைக் கிருமி நீக்கிவிட்டால், நுனிக்கு அப்பாலுள்ள ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) உள்ளே வந்து புதுத் திசுவை வளர்க்க வாய்ப்பு உண்டு. கிருமி நீக்க மூன்று ஆன்டிபயாடிக்குகளைக் குழைத்த பசையை வைப்பது வழக்கம். செறிவு மிகுந்தால் அந்தப் பசை, நாம் வரவேற்கக் காத்திருக்கும் ஸ்டெம் செல்களையே கொன்றுவிடும். அதிலுள்ள மினோசைக்ளின் பல்லையும் கருக்க வைக்கும். குறைந்த அளவு மருந்தை நீண்ட நேரம் தரும் ஜெல், கரையும்வரை செல்கள் பற்றிக் குடியேறும் சாரமாகவும் இருக்கும் என்பதால் இங்கே அதன் மீது பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியில் இந்தத் திசையில் தொடர்ந்து வேலை நடக்கிறது. பல் பிடுங்கிய குழி, வாய்ப்புண் ஆகியவற்றுக்கும் முயல்கிறார்கள்.

ஒளி எட்டாத இடம்

பெரிய தடை, வியப்பாக இருந்தாலும், ஒளியேதான். பல் அடைக்கும்போதே வழக்கமாக 2 மில்லிமீட்டர் அடுக்காக வைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒளி காட்டுகிறார்கள், ஏனென்றால் அதற்குக் கீழே ஒளி மங்கிவிடுகிறது. ஈறுப்பை குறுகலானது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் நீல ஒளியை நன்றாக விழுங்கும், சுத்தம் செய்த உடனே பையில் ரத்தம் கசிவது சகஜம். வேர்க்குழாயோ வளைந்தும் செல்லும். மெல்லிய ஒளியிழையை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். ஜெல்லை வெளியிலேயே உறையவைத்து, நுண்மணிகளாக்கி, ஊசிக்குழாயில் செலுத்தும் வழியும் உண்டு. அப்போது ஒளியைக் கொண்டு வடிவத்தை இடத்திலேயே தீர்மானிக்கும் வசதியில் கொஞ்சம் போய்விடும், உறையாத கரைசல் உள்ளே தங்கிவிடுமோ என்ற கவலையும் கூடவே போய்விடும். எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது.

உறையாத கரைசல் ஏன் கவலை? வினைபுரியாமல் மிஞ்சும் மெதாக்ரிலேட் மூலக்கூறுகளும், தூண்டியின் எச்சங்களும் செல்களை எரிச்சலூட்டும். தனி உறுப்புகளை ஆக்ஸிஜன் விழுங்கிவிடுவதால் காற்று படும் மேற்பரப்பு சரியாக உறையாமல் பிசுபிசுப்பாக நிற்கும். மருந்தும் சும்மா இருப்பதில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் மஞ்சள் நிறம். ஊதாப் பக்கத்து ஒளியை அவையும் உறிஞ்சி, தூண்டிக்குப் போக வேண்டிய பங்கைக் குறைத்துவிடும். மருந்து சேர்க்காத ஜெல் உறைந்துவிட்டது என்பதற்காக மருந்து சேர்த்த ஜெல்லும் உறையும் என்று நம்பிவிடக் கூடாது, ஒவ்வொரு கலவையையும் தனியாகக் கவிழ்த்துப் பார்த்தாக வேண்டும். உறைந்த பின் ஜெல் தண்ணீரை உறிஞ்சி உப்புவதும் உண்டு. சிறிது உப்பினால் பையின் சுவரோடு நன்றாகப் பொருந்தும். மிகுந்தால் வெளியே பிதுங்கி, நாக்கு தட்டி விழுந்துவிடும்.

இந்த ஜெல்களில் பெரும்பாலானவை இன்னும் செல் வளர்ப்புத் தட்டிலும் விலங்கு ஆய்விலும்தான் இருக்கின்றன. ஈறுப்பை உள்ள ஒருவருக்கு இன்று முதலில் நடப்பது, வேரில் ஒட்டிய பற்காரையைச் சுரண்டி எடுத்துப் பாக்டீரியாப் படலத்தைக் கலைப்பது. இப்போது விற்பனையில் உள்ள சில்லும் தூளும்கூட அந்தச் சுத்தத்துக்குப் பிறகு, ஆறாமல் அடம்பிடிக்கும் பைகளில், துணையாக வைக்கப்படுபவையே. ஒளியில் உறையும் ஜெல் வந்தாலும் அது வந்து நிற்கப்போவது அதே இடத்தில்தான், சுரண்டி முடித்து ரத்தம் நின்ற பிறகு.